வாங்கிக்கத் தெரியாத சிப்போரா

வா, இப்படி ஒருக்களிச்சுப் படுத்துக்கோ. போர்வை வேணுமா? சரி, கால் மட்டும் மூடிக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். கொட்டாம விட்டா நீ தூங்கிட்டன்னு நான் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரம்மா இருந்தாளாம். ஊர் எங்கன்னா, மலையாளக் கரையில, காயலோரமா. அந்த ஊர்ல ஒரு தெரு முழுக்க யூதக்காரங்க. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால கப்பல்ல வந்து அங்கயே தங்கிட்டவங்க. சனிக்கிழமை வேலை செய்யமாட்டாங்க, அடுப்பு மூட்டமாட்டாங்க, ஜெபக்கூடத்துக்குப் போவாங்க. அந்தத் தெருவுலதான் இந்தம்மா வீடு. பேரு சிப்போரா. அவங்க வேத பாஷையில அதுக்குக் குருவின்னு அர்த்தமாம். ஆனா ஆளு குருவி மாதிரி இல்ல, நல்லா ஆறடி உசரம்.

ம்?

அவ சமைச்சா தெருவே மணக்கும். கடுகு படபடன்னு வெடிக்கும், கறிவேப்பிலை சொர்ர்ர்னு பொரியும், தேங்காப்பால் தளதளன்னு கொதிக்கும். யாருக்குக் காய்ச்சல்னாலும் சிப்போரா வீட்டுக் கஞ்சி போகும். யார் வீட்ல சாவு விழுந்தாலும் சிப்போரா வீட்டுச் சோறு போகும். புருஷன் போய்ச் சேந்து, பிள்ளைகுட்டி இல்லாம ஒத்தையில இருந்தாலும், அவ உலை என்னமோ பத்துப் பேருக்குத்தான் கொதிக்கும்.

ஆனா ஒண்ணு. அவ யார் வீட்லயும் கை நனைக்கமாட்டா. ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கமாட்டா. யாராவது ஆசையா ஒரு பலகாரம் கொண்டுவந்தா, "ஐயோ, எனக்கு எதுக்கு? குழந்தைங்களுக்குக் குடு"ன்னு வாசலோட அனுப்பிடுவா.

ஏன் அப்படீங்கறியா? சின்ன வயசுல அப்பா அம்மா இல்லாம சித்தப்பா வீட்ல வளந்தவ. அந்த வீட்ல ஒவ்வொரு கவளத்தையும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. "நாங்க போடற சோறு, நாங்க போடற சோறு"ன்னு. அப்போ அவ மனசுல ஒரு முள்ளு தச்சுது. இனிமே நான் யார்கிட்டயும் வாங்கமாட்டேன், குடுக்கத்தான் செய்வேன்னு. பாவம்தான, என்ன?

அப்புறம் ஒரு வருஷம், மழைக்காலம் ஆரம்பிக்கற நேரம், தூரதேசத்துலேந்து ஒரு கப்பல் வந்துது. அதுல ரஹமீம்னு ஒரு பையன் வந்தான். பையன்னா சின்னப் பையன் இல்ல, மீசை தாடியெல்லாம் இருக்கு, ஆனா கூச்சம் மட்டும் குழந்தை மாதிரி. காத்து மாறற வரைக்கும் கப்பல் திரும்ப முடியாதே, அதனால அங்கயே தங்கிட்டான். அவன் கபாலான்னு ஒரு படிப்பு படிச்சவன். யூதக்காரங்களோட ஞானப் படிப்பு அது. தெருக்காரங்க விடுவாங்களா? சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூடத்துல உக்கார வெச்சுட்டாங்க. ஆம்பளைங்க கீழ, பொம்பளைங்க மாடியில.

முதல்ல ஒருத்தர் கேட்டார், "தம்பி, கபாலான்னா என்னப்பா அர்த்தம்?"

"வாங்கிக்கறதுன்னு அர்த்தம்"னான்.

எல்லாரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. "வாங்கிக்க ஒரு படிப்பா! பொறந்த குழந்தைக்கே தெரியுமேப்பா!"

"குழந்தைக்குத் தெரியும்ங்க. வளந்ததும் மறந்துடுது. சில பேர் பிடுங்கிக்கறோம். சில பேர் வேண்டவே வேண்டாங்கறோம்."

அப்போ இன்னொருத்தர் கேட்டார், "நான் நான்னு ஒரு ஆணவம் இருக்கே, அதைக் கொன்னாத்தான் கடவுள்கிட்ட போகமுடியுமா?"

ஆணவம்னா என்னவா? அதான், எனக்கு எனக்குங்கறது. நான்தான் பெருசுங்கறது. நீ நேத்து ஊஞ்சலை யாருக்கும் விடாம பிடிச்சுக்கிட்டயே, அது. சரி சரி, முகத்தைச் சுளிக்காத, எல்லார்கிட்டயும் இருக்கு.

ரஹமீம் சொன்னான், "கொல்லவேண்டாம்ங்க. அந்த ஆசை கடவுள் நமக்குள்ள வெச்ச பாத்திரம். அதைப் போட்டு உடைச்சுட்டா, அவர் குடுக்கறதை எதுல வாங்குவீங்க? நமக்குன்னு மட்டும் வாங்கறோமா, குடுக்கறவருக்கும் சந்தோஷமா இருக்கணும்னு வாங்கறோமா, அதைப் பாத்தா போதும்."

மாடியிலேந்து சிப்போரா எந்திரிச்சு நின்னா. "தம்பி, அப்போ எனக்கு ஆணவமே கிடையாது. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் வாங்கினதே இல்ல. ஆனா ஏன் என் நெஞ்சு மட்டும் வறண்டு கிடக்கு?"

ரஹமீம் தலையைச் சொறிஞ்சான். "அம்மா, எனக்கும் முழுசாத் தெரியாது. நானே இப்பதான் கத்துக்கறேன். ஆனா இந்த வாரம் யார் எதைக் குடுத்தாலும் வாங்கிப் பாருங்களேன். சும்மா வாங்கணும். வேற ஒண்ணும் செய்யக்கூடாது."

"இவ்வளவுதானா!"ன்னு சிப்போரா கிளம்பிட்டா.

தூங்கிட்டியா? ம், சரி.

மறுநாள் காயல்கரைக்குப் போனா. தோணிக்காரர் கோரன் வலையை உதறிக்கிட்டிருந்தார். அவர் பேத்திக்கு உடம்பு சரியில்லாதப்ப இவதான் கஞ்சி குடுத்தனுப்பினா. "அம்மா, இந்தாங்க"ன்னு ஒரு கரிமீனை எடுத்து நீட்டினார். மீன் துள்ளுது, பளக் பளக்னு. சிப்போரா வாங்கிட்டா. வாங்கிட்டாளே ஒழிய, கை கூசுது. வீட்டுக்கு ஓடினா, ஒரு பானை நிறைய நெய்ச்சோறு ஆக்கினா, வேர்க்க விறுவிறுக்கத் திரும்ப வந்து அவர் தோணியில வெச்சுட்டா. கோரன் முகம் வாடிப்போச்சு. "ஏம்மா, ஒரு மீனைக் கூட என் கையால வெச்சுக்கமாட்டீங்களா?"ன்னார். அவ காதுல விழாத மாதிரி வந்துட்டா.

அது முதல் தடவை.

அப்புறம் ரெண்டாவது. பக்கத்து வீட்டு ஹன்னா. சிப்போராவைவிடச் சின்னவ, நல்ல மனசு, ஆனா சமையல் சுமார். கருகும், இல்ல குழையும். அவ ஒருநாள் கிண்ணத்துல கடலைக் குழம்பு கொண்டுவந்தா. "அக்கா, இன்னிக்கு எனக்கே பிடிச்சிருந்துது. அதான் உங்களுக்கும்..." கண்ணு மினுமினுக்குது அவளுக்கு.

சிப்போரா வாங்கிக்கிட்டா. உள்ள கொண்டுபோய் மோந்து பாத்தா. அடிப்பிடிச்ச வாசனை. இதை நான் சாப்பிடறதாவதுன்னு கொல்லைப்பக்கம் போய் மதில் மேல கொட்டிட்டா.

சாயங்காலம் ஹன்னா கிண்ணம் வாங்க வந்தா. "அக்கா, சாப்பிட்டீங்களா? எப்படி இருந்துது?"

"ரொம்ப நல்லா இருந்துது ஹன்னா."

அப்போ பாத்து, கா... கா... கான்னு ஒரே சத்தம். ஹன்னா எட்டிப் பாத்தா. மதில் மேல ஏழெட்டுக் காக்கா. அவ குழம்பு, அவ போட்ட தேங்காப்பல்லு, எல்லாம் அங்க. ஹன்னா கிண்ணத்தை எடுத்து முந்தானையில மூடிக்கிட்டுப் போயிட்டா.

திட்டியிருந்தா கூடத் தேவலை, இல்ல? சின்ன வயசுல சிப்போரா சித்தப்பா வீட்ல சோத்துத் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளே, அப்போ அவ முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்துது ஹன்னா முகம்.

சிப்போரா நேரா ரஹமீம்கிட்ட போனா. "தம்பி, எனக்கு ஆணவமே இல்லன்னு சொன்னேனே. இருக்கு. குடுக்கற கைக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் எப்பவும் மேல இருக்கணும், எல்லாரும் கீழ இருந்து வாங்கணும்னு."

"அதைப் பாக்கறதுக்கே சில பேருக்கு ஆயுசு போயிடும்மா"ன்னான் அவன். "நீங்க பாத்துட்டீங்க."

"பாத்து என்ன பிரயோஜனம்? ஹன்னா முகம் வாடிப்போச்சே!"

உடனே கிளம்பி அவ ஹன்னா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டா. "ஹன்னா, ஹன்னா!" கதவு திறக்கல. உள்ள ஆள் நடக்கற சத்தம் மட்டும் கேட்டுது.

அப்புறம்தான் மூணாவது. அதுதான் பெருசு.

மழை சோன்னு கொட்டுது. சிப்போரா அடுப்புல எண்ணெய்ச்சட்டி வெச்சிருக்கா. நினைப்பு எங்கயோ இருக்கு. சட்டி சாஞ்சுது. பிடிக்கப் போனா. சளார்! ரெண்டு கையிலயும் கொதிக்கற எண்ணெய்.

ஐயோன்னு நீ பயப்படாத, பிழைச்சுட்டா. வைத்தியர் ஓடிவந்து மருந்து தடவி, வாழையிலை வெச்சு, ரெண்டு கையையும் மூட்டையாக் கட்டிட்டார். "விரலை அசைக்கக்கூடாது, நல்லாச் சாப்பிடணும்"னுட்டுப் போனார்.

சாப்பிடணும். எப்படி? ஊரெல்லாம் ஊட்டின கை, இப்போ தனக்குன்னு ஒரு பருக்கை எடுக்க முடியல.

டொக் டொக். "அம்மா, கோரன் வந்திருக்கேன். மீன் கஞ்சி." "நான் சாப்பிட்டாச்சு!"ன்னு உள்ளேந்து குரல். டொக் டொக். ஜெபக்கூடத்துக்காரங்க. "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு!" டொக் டொக். ரஹமீம். "சாப்பிட்டாச்சுப்பா!" தாழ்ப்பாள் போடக்கூடக் கை இல்ல அவளுக்கு. கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்துக்கிட்டு அத்தனை பேருக்கும் பொய் சொல்றா. அழுகையும் வருது, வீம்பும் விடமாட்டேங்குது.

மறுநாள் மத்தியானம் தொண்டை வறண்டு போச்சு. தண்ணிப் பானைகிட்ட மண்டிபோட்டு, கன்னுக்குட்டி மாதிரி வாயை வெச்சுக் குடிக்கப் பாத்தா. பானை உருண்டுது. டமார்! தண்ணியெல்லாம் தரையில. ஈரத்துலயே அவ சரிஞ்சு விழுந்துட்டா. காய்ச்சல் வேற கொதிக்குது.

சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹன்னாவுக்குக் கேட்டுது. அவளுக்கும் கோவம் போகல. ஆனா கால் நிக்கல. வாசல்ல வந்து நின்னு, கதவைத் திறக்காமலே கேட்டா, "அக்கா... சாப்பிட்டீங்களா?"

இப்போ கேளு தங்கம், இதுதான் முக்கியமான இடம். சிப்போரா வாயைத் திறந்தா. 'சாப்பிட்டாச்சு'ங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அதை அவ முழுங்கினா. அந்த எண்ணெய்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

"இல்ல, ஹன்னா. எனக்குப் பசிக்குது."

சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டா.

கதவு திறந்துது. ஹன்னா ஓடிவந்து அவளைத் தூக்கி உக்கார வெச்சா, தண்ணி குடுத்தா, புடவை மாத்திவிட்டா. அப்புறம் தன் வீட்டுக்கு ஓடி, கஞ்சி கொண்டுவந்து, ஊதி ஊதி ஒரு கரண்டி ஊட்டினா.

சிப்போரா முழுங்கினா. கண்ணை மூடினா. "ஹன்னா, உப்பு ஜாஸ்தி."

ஹன்னா கை அப்படியே நின்னுடுச்சு.

"ஆனா இன்னும் குடு. நிறையக் குடு"ன்னா சிப்போரா.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. முதல்ல ஹன்னாவுக்குத்தான் சிரிப்பு வந்துது, களுக்குனு. அப்புறம் சிப்போராவுக்கு. சிரிச்சுச் சிரிச்சுக் கஞ்சி புரையேறிப் போச்சு. "அந்தக் காக்கா விஷயம்... என்னை மன்னிச்சுடுடி"ன்னா சிப்போரா. "போகட்டும்க்கா, காக்காவாவது ரசிச்சுச் சாப்பிட்டுச்சே"ன்னா ஹன்னா.

அடுத்த கரண்டியை நீட்டும்போது ஹன்னா முகத்தைப் பாத்தா சிப்போரா. விளக்கேத்தின மாதிரி இருந்துது. அப்போதான் அவளுக்கு உறைச்சுது. அடடா, நான் குடுக்கும்போது எனக்குக் கிடைச்ச சந்தோஷம் இதுதானே? இதை இத்தனை வருஷமா ஊர்ல ஒருத்தருக்கும் கிடைக்கவிடாம வாசல்லயே நிறுத்திட்டேனே! வாங்கிக்கறதும் ஒரு குடுக்கறதுதான் போலிருக்கேன்னு நினைச்சா. நெஞ்சு வறட்சி எப்போ போச்சுன்னே தெரியல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீடு. கோரன் மீன் கஞ்சி கொண்டுவந்தார். ரஹமீம் அவன் ஊர் ரொட்டி சுட்டான், கல்லு மாதிரி இருந்துது, ஊறவெச்சுச் சாப்பிட்டா. ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, "உன்னால இன்னிக்கு வயிறு நிறைஞ்சுது, நல்லா இரு"ன்னு சொன்னா. சொல்லச் சொல்ல அவளுக்கே இனிச்சுதாம்.

கை ஆறுச்சு. காத்தும் மாறிச்சு. கப்பல் கிளம்பற அன்னிக்குக் கரையில நின்னு கேட்டா, "தம்பி, என் ஆணவம் போயிடுச்சா?"

"எங்கம்மா போகும்? நாம வளர வளர அதுவும் கூடவே வளரும். ஒவ்வொரு தடவையும் அதைக் குடுக்கறவர் பக்கம் திருப்பி விடவேண்டியதுதான். எனக்கும் அப்படித்தான்."

"அப்போ நான் வளந்தேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

ரஹமீம் யோசிச்சான். "அதை ஹன்னாவைக் கேளுங்க"ன்னுட்டு, வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டே கப்பல்ல ஏறிட்டான்.

அப்புறம் ஹன்னா மக கல்யாணம் வந்துது. டும் டும்னு கொட்டு. தெருவே கூடிச் சமைச்சுது. சிப்போராவும் தேங்கா திருவினா, கறி கிண்டினா. பந்தி போட்டதும் ஹன்னா வந்து, கரண்டியை அவ கையிலேந்து பிடுங்கி, இலை முன்னால உக்கார வெச்சுட்டா. சோறு கொஞ்சம் குழைஞ்சுதான் இருந்துது. ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

சாப்பிட்டு முடிச்சதும் அவங்க எல்லாரும் சேந்து, சோறு குடுத்த கடவுளுக்கு நன்றி பாட்டு பாடுவாங்க. அந்த நேரத்துல சிப்போரா எப்பவும் பின்கட்டுல பாத்திரத்தோட நிப்பா. அதனால பாட்டு அவளுக்கு ஒழுங்காத் தெரியாது. பாதி வார்த்தை வரல, ராகம் எங்கயோ போகுது. ஆனாலும் பக்கத்துல இருந்தவ கையைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரையும்விட ஒரு படி சத்தமா, கண்ணுல தண்ணி வழிய வழியப் பாடினாளாம்.

ம்?

என்ன, 'ம்' காணோம்? சரி, சரி. சிப்போரா சாப்பிட்டாச்சு, பாடியாச்சு, கதையும் கரை ஏறியாச்சு. நீயும் தூங்கு தங்கம்.