தலை நிமிர்ந்த மாதா

அந்தக் காலத்தில், கடலுக்குள் இருந்த உயிர்களெல்லாம் கரையில் இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, முத்துக் கடற்கரையில் கித்தேரி என்று ஒருத்தி இருந்தாள். வீட்டுக்குக் காவலாக ஊரார் வாசலுக்கு மேலே மாட்டும் மாதா பலகைகளை எழுதுகிறவள் அவள்தான். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, சிவப்புக்குக் காவி. கறுப்பு மட்டும் பாறைக் குழியில் இருந்த கணவாய் மீன் கொடுக்கும் மை. எல்லா மாதாவுக்கும் குனிந்த தலை, மூடிய இமை. முகம் மடியிலிருக்கும் பிள்ளை பக்கம்.

ஒரு ஐப்பசியில் அவள் புருஷன் கஸ்பார் கட்டுமரத்தில் போனான். காற்று அடித்தது. மற்றவர்கள் திரும்பினார்கள், அவன் வரவில்லை. கித்தேரி பதினேழு நாள் மணலில் நின்றாள். "வந்துவிடுவான்" என்று முதலில் சொன்ன ஊர், பிறகு அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டது.

"ஏளா, கோயில்ல அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசைக்குச் சொல்லிடு" என்றாள் பக்கத்து வீட்டு அமலோற்பவம்.

கித்தேரி வீட்டுக்குப் போய்த் தன் பலகையைக் கழற்றினாள்.

"உன் பிள்ளை உன் மடியிலேயே இருக்கு. என் ஆளு எங்கேன்னு ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தியாம்மா?"

பலகையோடு பாறைக் குழிக்குப் போனாள். "கண்ணுக்கு மை வேணும்" என்றாள்.

"கண்தான் மூடியிருக்கிறதே" என்றது கணவாய்.

"திறக்கப் போறேன்."

"மாதா பார்வையை எடுத்தால் பிள்ளை அழாதா?"

"அழட்டும். நான் அழலையா?"

கணவாய் தன்னிடம் இருந்த மை முழுவதையும் சிப்பியில் ஊற்றியது.

கித்தேரி பழைய முகத்தின்மேல் சுண்ணாம்பைப் பூசி, நிமிர்ந்த முகம் ஒன்றை எழுதினாள். அதில் இரண்டு பெரிய கண்களை வைத்தாள். கடலைப் பார்த்த சுவரில் பலகையை அறைந்தாள். "மாதாவை இப்படியா எழுதுவாக?" என்று ஊர் பயந்தது.

மறுநாள் பகல் முழுக்க மழைமூட்டம். பாய் கிழிந்த வள்ளம் ஒன்று கரையில் வந்து முட்டியது. கித்தேரி ஓடினாள். உள்ளே மூன்று பேர். ஒவ்வொரு முகத்தையும் இரண்டு தடவை பார்த்தாள். மூவரும் வேற்றூர்க்காரர்கள்.

"திசையே தெரியலக்கா. மழைக்குள்ள ரெண்டு கண்ணு தெரிஞ்சுது. அதைப் பார்த்துத் துடுப்பு போட்டோம்."

"வழியில வேற யாரையும் பார்த்தீகளா?"

"இல்லக்கா."

அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். ஒருவன் பாதியில் தேம்பினான். "எங்க வீட்டுலயும் ஒருத்தி இப்படித்தான் கரையில நிப்பா."

"குடிச்சிட்டு உடனே கிளம்பு" என்றாள் கித்தேரி. "கரை வழியா நடந்தாவது போ. அவளை இன்னொரு நாள் நிக்க வைக்காதே."

மறுநாள் அமலோற்பவம் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மகனும் கடலில் இருந்தான். அவளுக்குப் பின்னால் ஊரே பலகைகளோடு நின்றது. கித்தேரி சிப்பியில் மிச்சமிருந்த மையால் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்த முகமும் கண்ணும் எழுதினாள். கஸ்பார் அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. கடைசிவரை வரவேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு பலகையை முடித்ததும் மாதாவின் காதருகே குனிந்து, "என் ஆளுக்கு இடது புருவத்துல தழும்பு இருக்கும்மா. கண்டா கூப்பிடு" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

அன்று முதல்தான் அந்தக் கரையில் வீட்டு மாதாக்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கடலைப் பார்க்கிறார்கள்.