தட்டில் பிழைத்த பாதி

"தாயி, நான் திரும்ப உலைக்கே போயிடலாம்னு இருக்கேன்."

உச்சிமாகாளி இதைச் சொன்னபோது வைத்தியர் மருதவல்லி நெல்லிக்காய்ச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். குருவுக்கு வயசு நாற்பது. சீடருக்கு அறுபது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கின ஆள். வயிற்றுவலியோடு வைத்தியம் பார்க்க வந்தவர், அப்படியே மருந்து இடிக்கக் கற்றுக்கொண்டு தங்கிவிட்டார். தங்கினது பகலுக்கு மட்டும்தான்.

"வாயைத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார். ஈறு ஓரத்தில் ஈயத்தின் நீலக்கோடு இன்னும் போகவில்லை.

"என்னத்துக்கு உலை?"

"நம்ம சாறைச் சோதிக்க வாங்கிட்டுப் போன ஆய்வுக்கூடத்துத் தம்பி சொல்லலையா? நோயை விரட்டுற வெள்ளை அணு இருக்காம் ரத்தத்துல. அதை ஒரு தட்டுல வச்சு ஈயத்தை ஊத்தினா மொத்தமா செத்துப்போகுதாம். ஈயத்தோட நம்ம சாறும் ஊத்தின தட்டுல பாதி பிழைச்சிருக்கு தாயி! பாதி!"

"மிச்சப் பாதி?"

உச்சிமாகாளி கூரையைப் பார்த்தார்.

"தினமும் சாறு குடிச்சிட்டுப் போறேன். என்ன வந்துடும்?"

"இங்க என்ன குறை?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா பேச ஆளில்லை. வீட்டுக்காரி போயி மூணு வருசம் ஆச்சு. ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். உலையில நாலு பேரு இருக்கானுவ. கெட்ட வார்த்தை சொல்லியாவது கூப்பிடுவானுவ."

மருதவல்லி சாறை டம்ளரில் ஊற்றினார்.

உச்சிமாகாளி கையை நீட்டினார்.

மருதவல்லி கொடுக்கவில்லை. தானே அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி, உலை இருக்கிற கிழக்குப் பக்கமாக நடந்தார்.

"எங்க தாயி?"

"துணை வேணும்னீங்களே. நானும் ஈயம் உருக்க வாரேன்."

"விளையாடாதீங்க."

நடை நிற்கவில்லை. கருவேலங்காடு தாண்டியாச்சு. புகை மூக்கில் ஏறியது.

உச்சிமாகாளி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். மூச்சு இரைத்தது.

"அந்தப் புகை உங்களுக்கு ஆகாது."

"சாறு குடிச்சிருக்கேனே அண்ணாச்சி."

"சாறு கிடக்கு கழுதை! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தாங்காது!"

கத்தின பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

"அந்தத் தாங்காத மனசைத்தான் அண்ணாச்சி, நான் தினமும் பிழிஞ்சு ஊத்துறேன்" என்றார் மருதவல்லி.