வட்டில் மூழ்காத கல்யாணம்

முன்னொரு காலத்தில், காது நிறைந்தால்தான் வயிறு நிறையும் என்று நம்பிய ஒரு மன்னர் இருந்தார். பெயர் வீரகேசரி. அவர் அரண்மனையில் விசேஷம் என்றால் முதலில் உரை, பிறகுதான் சாப்பாடு. உரையை அளக்க ஒரு வழி வைத்திருந்தார். அடியில் ஊசித் துளை போட்ட செப்பு வட்டிலைத் தண்ணீர் அண்டாவில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, ஒரு நாழிகையில் வட்டில் மூழ்கும். அதுவரை பேச வேண்டும். முன்னதாக வாயை மூடினவன் நாட்டைவிட்டே போக வேண்டும். இது அரச கட்டளை.

இந்தக் கட்டளையால் வாழ்ந்தவர் ஒருவர்தான், அவைப்புலவர் மேகநாதர். மன்னர் பிறந்தநாளோ, ஏரி மதகுத் திறப்போ, அரண்மனை யானை குட்டி போட்டதோ, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே உரை. உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பிப்பார். யானைக்கு வந்து சேர்வதற்குள் யானை தூங்கிவிடும்.

இளவரசி பொற்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் தந்தையிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா, வாழ்த்துரையை வெண்காடன் மாமாதான் சொல்ல வேண்டும்."

வெண்காடன் அரண்மனை விகடகவி. செய்தி கேட்டதும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. நாலு வார்த்தையில் நாற்பது பேரைச் சிரிக்க வைப்பான். நாழிகைக் கணக்கில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேகநாதர் பாணியிலேயே ஓலைகளில் எழுதி, வீட்டில் மனைவி முன்னால் பேசிப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு, நாச்சியார்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல போய் ரெண்டு புடவை துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்தேன். நீங்க இன்னும் உலகத்தைப் படைச்சு முடிக்கலை. கல்யாணப் பொண்ணைப் பத்தி எப்போ பேசுவீங்க?"

வெண்காடன் வெட்கத்தோடு ஓலைகளை மூட்டை கட்டி அடுப்படியில் போட்டான். அன்றைக்கு அடுப்பு நன்றாக எரிந்தது.

முகூர்த்தம் முடிந்தது. பக்கத்துப் பந்தியில் இலை போட்டாயிற்று. நெய்மணம் மண்டபத்துக்குள் வந்து ஒவ்வொருவர் மூக்கையும் தனித்தனியாக விசாரித்தது. மேகநாதர் எழுந்தார்.

"வேந்தே, வட்டிலை மிதக்கவிடும் பேறு அடியேனுக்கு வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

மேகநாதர் வட்டிலை அண்டாவில் விட்டதும், வெண்காடன் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.

"மாப்பிள்ளை, இவளுக்கு ஏழு வயதில் நடந்தது இது. தோட்டத்து மாமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டாள். இறங்கத் தெரியவில்லை. உதவி என்று கேட்கவும் மாட்டேன் என்றாள். நம் மன்னர் மகுடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தடியில் தோளைக் காட்டியபடி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளாகவே வந்து அந்தத் தோளில் கால் வைத்தாள். இவள் உதவி கேட்க மாட்டாள், மாப்பிள்ளை. நீங்கள் மரத்தடியில் நின்றால் போதும்."

மன்னர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. வட்டிலோ இப்போதுதான் இறக்கிவிட்டது போல மிதந்தது.

வெண்காடன் இரண்டு வேடிக்கை சொன்னான். சிரித்தார்கள். மூன்றாவதுக்குப் பாதிப்பேர் சிரித்தார்கள். வட்டில் அசையவில்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. மேகநாதர் மட்டும் கண்ணை மூடி இனிமையாகப் புன்னகைத்தார். நிறுத்தினால் நாச்சியாரோடு எல்லை தாண்ட வேண்டும். நிறுத்தாவிட்டால் நல்ல வாழ்த்து நாறிப் போகும்.

அவன் கண் அட்சதைத் தட்டில் விழுந்தது.

"பெரியோர்களே, தூரத்திலிருந்து அட்சதை வீசினால் முன்வரிசைக்காரர் தலைதான் வாழ்த்துப் பெறுகிறது. இன்று எல்லோரும் இந்த வட்டிலில் இடுங்கள். அரசர் ஒன்றாகச் சேர்த்து மணமக்கள் தலையில் சொரியட்டும். இதோ, மகாராணி இடுகிறார்கள். சேனாபதி இடுகிறார்... கஞ்சத்தனம் வேண்டாம், சேனாபதி!"

பசியில் இருந்த கூட்டம் அள்ளி அள்ளிப் போட்டது. கடைசியாக மன்னர் இரண்டு கையாலும் போட்டார். வட்டில் 'களுக்'கென்று மூழ்கியது.

"வாழ்க மணமக்கள்!" என்று வெண்காடன் உட்கார்ந்தான்.

"மோசடி!" மேகநாதர் துள்ளி எழுந்தார். "வேந்தே, நீர் ஏறி அல்லவா மூழ்க வேண்டும்!"

"புலவரே, மூழ்கும்வரை பேசச் சொன்னது கட்டளை. எதனால் மூழ்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லையே?" என்றான் வெண்காடன்.

மன்னர் அட்சதைக்காக வட்டிலைத் தூக்கினார். நிறைய நீர் இருந்தது. துளையிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. திருப்பிப் பார்த்தார். துளையில் அரக்கு.

"மேகநாதரே!" என்ற குரலில் புலவர் முகம் வெளுத்தது.

வெண்காடன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "மன்னிக்க வேண்டும் அரசே. புலவருக்கு நான் கடன்பட்டவன். அந்த அரக்கு இல்லாவிட்டால் நானும் நாழிகை முழுதும் பேசித் தொலைத்திருப்பேன். நீங்களும் கேட்டுத் தொலைத்திருப்பீர்கள்."

 மன்னர் மண்டபமே அதிரச் சிரித்தார்.

"வட்டிலைத் தூக்கி எறியுங்கள்! இனி இலையில் அப்பளம் வைத்ததும் பேச்சு. அது நமுத்துப் போவதற்குள் முடிக்க வேண்டும். புலவரே, முதல் வாழ்த்து உம்முடையது."

பந்தியில் மேகநாதர் எழுந்தார். "ஆதியிலே..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். அப்பளத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். "நன்றாயிருங்கள், குழந்தைகளே" என்றார்.  யாரும் சொல்லாமலே அவருக்குக் கைதட்டினார்கள். அது அவருக்குப் புதிது.

மன்னர் சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். வெண்காடன் நெகிழ்ந்துபோய் நன்றியுரைக்கு எழுந்தான்.

"மாமா, அப்பளம்!" என்றாள் பொற்கொடி.

உட்கார்ந்துவிட்டான்.