ரோஜாவுக்குப் பிடித்த குடை

கோத்தகிரியில் லிங்கம்மாளின் ரோஜா நர்சரிக்குச் சீடராகப் போனபோது தேவசகாயத்துக்கு வயது அறுபது. குருவுக்கு முப்பத்து நாலு. "மக மாதிரி பொண்ணுகிட்ட பாடமா?" என்று அவர் மனைவி நேராகவே கேட்டார். மனுஷன் காதிலேயே வாங்கவில்லை.

முப்பது வருஷம் ஒரே தெருவில் தபால் கொடுத்தவர் அவர். அந்தத் தெருவில் எந்த ரோஜாவும் ஒரு மழையைத் தாண்டியதில்லை. இலையில் கரும்புள்ளி விழும், கொட்டும், முள்ளுக்குச்சிதான் மிஞ்சும். மருந்தே கேட்காத கொடிரோஜா ஒன்றை விதையிலிருந்து வளர்த்து, பதினாறு வீட்டு கேட்டிலும் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

லிங்கம்மாள் சொன்ன விதி சின்னது. மூன்று மழைக்காலம். மருந்து கூடாது. பாத்தி நடுவில் கரும்புள்ளி பிடித்த தொட்டிச்செடி ஒன்று நின்றே ஆகவேண்டும். அதன் நோய் தொற்றாமல் நிற்பதுதான் தேறிய செடி.

நாற்பது நாற்று முளைத்தது. முதல் மழையில் முப்பத்தொன்று போச்சு. அடுத்ததில் எட்டு. மிஞ்சியது ஒன்றே ஒன்று. இளஞ்சிவப்புப் பூ, மளமளவென்று ஏறும் கொடி.

மூன்றாவது மழையில் தேவசகாயத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நோய்த்தொட்டியை ஓரத்துக்கு நகர்த்தினார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்தும் அடித்தார்.

ஐப்பசித் தூறலில் ஒருநாள் குருவைக் கூப்பிட்டுக் காட்டினார். தான் நனைந்துகொண்டு, செடிக்குக் குடை பிடித்திருந்தார்.

"ஒரு புள்ளி இல்லம்மா! தெருவுல நடறதுக்குக் குச்சி வெட்டலாமா?"

லிங்கம்மாள் ஓர் இலையைத் திருப்பினார். கட்டைவிரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"எத்தனை தடவை அடிச்சீங்க சார்?"

"நாலு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா திட்டுவீங்க."

"இப்ப மட்டும் கொஞ்சவா போறேன்? முப்பது வருஷத்தில யாரு கடிதத்தையாவது பிரிச்சு, நல்லபடியா மாத்தி எழுதிக் குடுத்தீங்களா?"

"ஐயோ! வேலை போயிடும்மா."

"சாவுச் சேதி வந்தாக்கூட?"

"வந்ததை வந்தபடிதான் குடுக்கணும்."

"அப்ப இது?"

தேவசகாயம் செடியைப் பார்த்தார். பளபளவென்று நின்றது. அது தானாகப் பளபளக்கிறதா, மருந்தில் பளபளக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை.

"இனி என்னம்மா செய்யறது?"

"இன்னியிலேருந்து எண்ணுங்க. மூணு மழை."

"மறுபடியும் மூணா? எனக்கு அறுபத்துமூணு ஆச்சு!"

"செடிக்கு மூணுதான் சார் ஆச்சு."

மூச்சை இழுத்து விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கையில் குடை, மறு கையால் நோய்த்தொட்டியை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து, செடிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். போதும்தானே என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

லிங்கம்மாள் காலால் தொட்டியை நெட்டினார். இலையோடு இலை உரசும்வரை நெட்டினார்.

தேவசகாயத்தின் குடை மட்டும் செடிக்கு மேலேயே இருந்தது.

"செத்துட்டா என்னம்மா பண்றது?"

"இங்க ஒரு தடவை சாகும் சார். உங்க தெருவுல பதினாறு தடவை சாகாது."

தேவசகாயம் குடையை மடக்கினார்.