பெண் யானை சுற்றிய நிலம்

வச்சிரமாறன் என்று ஒரு ராஜா. முன்கோபத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மலையடிவாரக் காட்டை மொட்டையடித்துக் கரும்பு போட்டார். நடுவே ஒரு மாளிகை, சுற்றிலும் முள்வேலி. யானைகள் ஆற்றுக்குப் போகிற வழி வேலிக்குள் மாட்டிக்கொண்டது. யானையிடம் யார் கேட்டார்கள்?

ஒருநாள் விடிந்து பார்த்தால் பாதிக் கரும்பைக் காணோம்! யானைக் கூட்டம் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து தின்றுவிட்டுப் போயிருந்தது. சேதி கேட்டு ராஜா பரிவாரத்தோடு வந்து இறங்கினார். மாளிகையிலேயே சபை கூடியது. காவல்காரன் கடம்பனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"யானையை விட்டவனை யானைக் காலிலேயே போட்டு மிதிக்க விடுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

கடம்பன் ராஜாவின் காலடியில் விழுந்தான். சபையின் விகடக்காரர் வெண்காடர் கணக்குப் போட்டார். பேசாவிட்டால் ஒருவன் செத்தான், பேசினால் இரண்டு பேர். வந்தது வரட்டும் என்று எழுந்துவிட்டார்.

"மகாராஜா, சொந்தக்காரி வந்தால் காவல்காரன் தடுப்பானா?"

"எவள் ஐயா சொந்தக்காரி?"

"கூட்டத்துக்குத் தலைவி, அந்தக் கிழட்டுப் பெண் யானை."

"பித்துப் பிடித்துவிட்டதா உமக்கு?"

"நம் நாட்டில் நிலத்தைத் தானம் கொடுத்தால் எல்லையை எப்படி வகுப்போம்?"

"இதுகூடவா தெரியாது? ஒரு பெண் யானையை நடக்க விடுவோம். அது சுற்றி வந்த இடமெல்லாம் தானம். எங்கள் முப்பாட்டன் காலத்து வழக்கம்!"

"பிறகு ராஜாவே கேட்டாலும் திரும்பாதோ?"

"ஒரு பிடி மண்கூடத் திரும்பாது!"

"நல்லதாய்ப் போயிற்று. வழியை அடைத்துவிட்டோமே, சந்து கிடைக்காதா என்று அந்தக் கிழவி வேலியை ஒட்டி ஒரு முழுச் சுற்று வந்திருக்கிறாள். கால்தடம் அப்படியே கிடக்கிறது. அப்புறம்தான் உள்ளே வந்து தன் கரும்பைத் தின்றாள்."

ராஜா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். முப்பாட்டன் வழக்கத்தை எப்படித் தள்ளுவது?

"சரி, வேலியைப் பிரித்து வழியை விடுங்கள்! ஆக, இவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்கிறீர்?"

"ஒன்று இருக்கிறது மகாராஜா," என்றார் வெண்காடர். "காலையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்மையெல்லாம் உள்ளே விட்டுவிட்டான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கடம்பனின் கட்டு அவிழ்ந்தது, வெண்காடர் கையில் முத்துமாலை விழுந்தது. மாலையை வாங்கிய கையோடு அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்கே ஐயா அவசரம்?"

"இந்த வீட்டுச் சொந்தக்காரி வருவதற்குள் கிளம்புவோம், மகாராஜா!"