ஏழாம் இலையில் உட்கார்ந்தவர்

முன்னொரு காலத்தில் செம்மணற்கரை என்ற நாட்டை உதயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆறு வருஷமாகத் தினமும் மத்தியானம் நூறு ஏழைகளுக்குச் சோறு போட்டார். நெய்யை மட்டும் தன் கையாலேயே ஊற்றுவார். வாங்குகிறவன் கூசக்கூடாதென்று எவன் முகத்தையும் பார்க்கமாட்டார், இலையைத்தான் பார்ப்பார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை!

அந்தப் பந்தியில் தண்ணீர் ஊற்றியவள் பிரகாசியம்மாள், ஏசுவைக் கும்பிடும் வேதக்காரப் பெண். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பதினோரு நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளைத்தான் வாழ்த்தியது. தர்மக் காரியம் பார்த்த சடையப்பருக்கு வயிறு எரியாதா? "சோறு உங்களுடையது, பேர் அவளுக்கு" என்று ராஜாவின் காதைக் கடித்தார்.

ராஜா அவளை வரவழைத்தார். "உங்கள் கோயிலில் அன்பு, அன்பு என்கிறீர்களாமே. என் தர்மமும் அதுவும் ஒன்றுதானே?"

"ஒண்ணு இல்லீங்க, மகாராஜா."

"அப்படியா! வித்தியாசத்தை மூன்று நாளில் காட்டு. இல்லையென்றால் கொட்டகையைப் பிரித்துவிடுவேன். நோயாளிகளோடு எல்லை தாண்டிப் போ."

அடைமழைக் காலம். பாதிப் பேருக்கு எழுந்து நிற்கவே முடியாது. அவள் மந்திரி திருவாழிப் பிள்ளையிடம் ஓடினாள்.

"நீ போய்த் தண்ணீர் ஊற்று. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மந்திரி.

மறுநாள் பந்தியில் ஏழாவது இலைக்கு வந்தவள் திடுக்கிட்டாள். தலைப்பாகை இல்லாமல் மந்திரி உட்கார்ந்திருந்தார்!

"ஐயா, இது எங்க பொன்னாண்டி இடமாச்சே? கண்ணு தெரியாத மனுஷன். எங்கே அவரு?"

"சும்மா ஊற்று, தாயே" என்றார் மந்திரி, வேர்த்து வழிய. ராஜா நெய்ச் செம்போடு பக்கத்து இலைக்கு வந்துவிட்டார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், எல்லாம் கெட்டது. ராஜா பார்க்கவில்லை.

மூன்று நாளும் இதே கதை. பிரகாசியம்மாளுக்குக் கொட்டகைக் கவலையோடு பொன்னாண்டி கவலையும் சேர்ந்துகொண்டது.

தவணை நாளில் சபை கூடியது. மந்திரி கேட்டார்: "சடையப்பரே, பந்திக்கு யாராவது வராமல் இருந்தார்களா?"

"நூறு இலை, நூறு பேர். யாரும் குறையவில்லை."

"நானே நெய் ஊற்றினேனே!" என்றார் ராஜா.

மந்திரி பிரகாசியம்மாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லம்மா."

"பொன்னாண்டி மூணு நாளா வரலீங்க. தேடாத இடமில்லை. அவர் இலையில..." அவள் மந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். "மந்திரி ஐயாதான் சாப்பிட்டாருங்க."

"வேஷம் போட்டு ஏமாற்றியிருக்கிறார்!" என்று கத்தினார் சடையப்பர்.

"வேஷமா? தலைப்பாகையைத்தான் கழற்றினேன்" என்றார் மந்திரி. "மகாராஜா நேற்று நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் முகம் கறுத்தது. தலை போச்சு என்றே மந்திரி நினைத்தார். ராஜா கேட்டதோ வேறு: "அந்தப் பொன்னாண்டி எங்கே? சாப்பிட்டானா?"

மந்திரிக்கு மூச்சு வந்தது. "என் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். மகாராஜா இப்போது கேட்டீர்களே, இதைத்தான் அவள் தினமும் கேட்கிறாள்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. கொட்டகைக்கு ஓடு வேய்ந்து தரச் சொன்னார். இனி எச்சில் இலை எடுக்கும் வேலை சடையப்பருக்கு என்றார்.

மறுநாள் மத்தியானம் ராஜா முதல் இலையருகே உட்கார்ந்து, அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார்.

ஆறு வருஷமாக அவர் கையால் நெய் வாங்கியவன் நடுங்கிப்போய் எழுந்து நின்றான். "சாமி, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"