பிள்ளை இல்லாத அறை

ஆவுடையம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து கட்டில் கட்டிலாகக் குனிந்து, பிள்ளையின் வாயை மார்பில் சரியாக வைத்துக் கொடுத்து, அழுத தாய்மார்களைத் தேற்றி, பால் பவுடர் டப்பாவோடு வந்து நின்ற மாமியார்களிடம் பேசிப் பேசித் தொண்டையும் கட்டிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தருவது அங்கே நிலோபரின் வேலை. எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள். ஆவுடையம்மாள் அவளைவிட வயதில் மூத்தவள். ஆபரேஷன் தியேட்டரில் வெகுகாலம் நர்ஸாக இருந்துவிட்டு, இந்த வேலையைப் பழகிக்கொள்ள நிலோபரிடம் வந்து சேர்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஆனதும் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னும் ஒரு அறை இருக்குக்கா" என்றாள் நிலோபர்.

"எது டீச்சர்?"

"கோடியில இருக்கே, அது."

ஆவுடையம்மாளுக்கு அந்த அறை தெரியும். இசக்கியம்மாள் என்ற பெண் அங்கே இருந்தாள். தலைச்சன் பிள்ளை. இறந்தே பிறந்தது. மற்றப் பிள்ளைகளின் சத்தம் காதில் விழக் கூடாதென்று அவளைக் கோடியில் போட்டிருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஆவுடையம்மாள் நடையை எட்டிப் போடுவாள்.

"அங்க பிள்ளையே இல்லையே டீச்சர். நமக்கு என்ன வேலை?"

நிலோபருக்கும் அசதிதான். சுவரைப் பிடித்து எழுந்து நடந்தாள். ஆவுடையம்மாள் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

அறைக்குள் மல்லிகைப்பூ வாசம் முகத்தில் அடித்தது. இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவள் நாத்தனார்.

"இவளுக்கு நெஞ்செல்லாம் கொதிக்குது சிஸ்டர். பால் வத்தட்டும்னு பூவை வச்சு இறுக்கிக் கட்டியிருக்கேன்."

நிலோபர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாக்கட்டுமா இசக்கி?"

தலை லேசாக அசைந்தது.

கட்டை அவிழ்த்தாள். மார்பு கல்லாக இறுகியிருந்தது. துணி பதிந்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது.

"பூ இருக்கட்டும். இறுக்கம் வேண்டாம்" என்றாள் நாத்தனாரிடம். பிறகு திரும்பி, "அக்கா, குளுந்த தண்ணில துணி நனைச்சு வச்சு விடுங்க."

ஆவுடையம்மாள் நனைத்துப் பிழிந்து வைத்தாள். சூடேறியதும் மறுபடி நனைத்தாள். இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் பீய்ச்சக் காட்டிக்கொடுத்தாள் நிலோபர்.

"முழுசா எடுக்காத. வலி தணியுற அளவுக்கு மட்டும். போகப்போகக் குறைஞ்சிரும்."

அப்போது வார்டில் ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டது. கோடியில் போட்டும் சத்தம் வந்துதான் சேர்ந்தது. இசக்கியம்மாளின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. யாரும் தொடாமலே பால் சுரந்து ஆவுடையம்மாளின் மணிக்கட்டில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

இசக்கியம்மாள் அவளைத்தான் பார்த்தாள்.

"அது என் பிள்ளை இல்லையேக்கா. அப்புறம் ஏன் ஊறுது? இந்த உடம்புக்கு யாரும் சொல்லலியா?"

ஏன் ஊறுகிறது என்று ஆவுடையம்மாள் படித்திருந்தாள். அந்தப் படிப்பு நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. டீச்சரைப் பார்த்தாள். நிலோபர் அவிழ்த்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை யாரு சாடை இசக்கி?"

நாத்தனார் விருட்டென்று எழுந்தாள். "ஏங்க, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

"எங்கப்பா சாடை" என்றாள் இசக்கியம்மாள்.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூக்கு அப்படியே எங்கப்பாதான். முடி அவ்வளவு அடர்த்தி. ஒரு நிமிசந்தான் காட்டுனாங்க. அதுக்குள்ள விரலைத் தொட்டுப் பாத்துட்டேன். நீள விரல்."

சொல்லச் சொல்ல அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. வெளியே விளக்கு போட்டார்கள்.

நின்றுகொண்டே இருந்த நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "காது எங்க தம்பி காது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் துணியை மறுபடி நனைத்து வைத்தாள்.

வெகுநேரம் கழித்து இருவரும் வெளியே வந்து குழாயடியில் கை கழுவினார்கள்.

"அந்தப் பொண்ணு என்கிட்டதான் கேட்டா டீச்சர். எனக்கு வாயே வரலை."

"எனக்கும் வராதுக்கா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் குழாயை மூடினாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கும் அங்க போகணுமா?"

நிலோபர் துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

"நாளைக்கும் பால் ஊறும்க்கா."